ஓஎஃப்டிஎம் சிக்னலில் உச்சி எகிறுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஈசிஇ இறுதியாண்டு ப்ராஜெக்ட் பட்டியல் எதைப் புரட்டினாலும் 'பிஏபிஆர் குறைப்பு' என்று ஒன்றாவது இருக்கும். மேட்லேபில் வளைவு அழகாக இறங்கும். அதே சிக்னலை ஒரு எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பலகை வழியாகப் பவர் ஆம்ப்ளிஃபையருக்குள் விட்டதும் வேலை கெடும். அப்போது என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப இவைதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

கோட்பாடு இங்கே இல்லை. ஓஎஃப்டிஎம் என்றால் தரவைப் பல சிறு அலைகளில், அதாவது சப்கேரியர்களில், பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் முறை. பிஏபிஆர் என்றால் உச்சத் திறனைச் சராசரித் திறனால் வகுத்தது. நிறைய சப்கேரியர்கள் ஒரே நொடியில் ஒரே பக்கம் சாய்ந்தால் உச்சி எழும். இவ்வளவு தெரிந்தால் போதும். எடுத்துக்காட்டாக நான் பிடித்துக்கொள்வது 802.11ஏ என்ற வைஃபை தரநிலையின் பாணி சிக்னல்: 64 புள்ளி ஐஎஃப்எஃப்டி (சப்கேரியர்களைக் கூட்டி ஒரே அலையாக்கும் கணக்கு), அதில் 52 சப்கேரியர்கள் வேலை செய்யும், 48 தரவுக்கு, 4 பைலட்டுக்கு (ரிசீவருக்கு முன்பே தெரிந்த குறிகள்).

## கேபிளைச் சொருகும் முன்

பவர் ஆம்ப்ளிஃபையரின் வெளிவாயில் ஆன்டெனா வேண்டாம். அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) போட்டுக் கேபிளிலேயே எல்லாச் சோதனையையும் முடியுங்கள். உரிமம் இல்லாமல் காற்றில் விடுவது சட்டப்படியும் தவறு, அளவும் சரியாக வராது.

அட்டெனுவேட்டர் கணக்கைச் சராசரியை வைத்துப் போடாதீர்கள். சராசரி 20 டிபிஎம் என்று மீட்டர் காட்டும் ஓஎஃப்டிஎம் சிக்னலின் உச்சி 30 டிபிஎம்மைத் தொடும். யூஎஸ்ஆர்பி பி210 என்ற எஸ்டிஆர் பலகையின் வாங்கும் வாய் தாங்குவது மைனஸ் 15 டிபிஎம், ஹேக்ஆர்எஃப் பலகையின் வாய் மைனஸ் 5. ஸ்பெக்ட்ரம் அனலைசரின் வரம்பு அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், படித்துவிட்டுச் சொருகுங்கள். முன்முனை ஒருமுறை எரிந்தால் அது நேராக சர்வீஸ் சென்டர் வேலை.

## அறிகுறி: சிமுலேஷனில் வரும் எண் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை

பெரும்பாலும் இங்கே எதுவும் கெடவில்லை. இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு அளவுகளை ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில், உங்கள் சிசிடிஎஃப் (திறன் ஓர் அளவைத் தாண்டும் வாய்ப்பைக் காட்டும் வளைவு) எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சாம்பிளின் திறனையும் தனித்தனியாக எண்ணினால் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் சுமார் 8.4 டெசிபல் வரும். ஒரு சிம்பலுக்கு (ஒரு ஐஎஃப்எஃப்டி வெளியீட்டுக்கு) ஒரு உச்சி என்று எண்ணினால், 64 சப்கேரியருக்கு, அதே ஆயிரத்தில் ஒன்றில் சுமார் 10.4 டெசிபல் வரும். அனலைசர் திரையில் வருவது முதல் வகை. ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து '2 டெசிபல் குறைத்துவிட்டோம்' என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஓவர்சாம்ப்ளிங். 64 சாம்பிளை மட்டும் பார்த்தால் அவற்றுக்கு இடையே எழும் உச்சி கண்ணில் படாது. 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் போதுமானது. அதற்கு மேல் போனால் கணினி சூடாகுமே தவிர எண் பெரிதாக நகராது. பூஜ்யங்களை ஐஎஃப்எஃப்டி உள்ளீட்டின் நடுவில் சேர்க்க வேண்டும், கடைசியில் அல்ல. இதைத் தவறாகச் செய்தால் எதிர்மறைப் பாதிச் சப்கேரியர்கள் இடம் மாறிவிடும்.

அப்புறம் சராசரி. பாக்கெட்டுகளுக்கு இடையே உள்ள வெற்று நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிஏபிஆர் பொய்யாக உயரும். பாதி நேரம் மௌனம் என்றால் நேராக 3 டெசிபல் கூடும். இன்னொரு 3 டெசிபல், பேஸ்பேண்டில் அளப்பதற்கும் கேரியர் அலையின் உச்சியை அளப்பதற்கும் உள்ள வித்தியாசம். எதை அளந்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதிவிட்டால் சண்டை வராது.

அனலைசரில் அளக்கிறீர்கள் என்றால் அதன் அளவீட்டு அலையகலம் சிக்னலைவிடப் பெரிதாக இருக்கிறதா பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைச் சிறிய ஃபில்டர் வழியாகப் பார்த்தால் அந்த உச்சி உங்கள் சிக்னலுடையது அல்ல.

## அறிகுறி: ஒரு குறிப்பிட்ட பாக்கெட் மட்டும் எத்தனை முறை அனுப்பினாலும் தோற்கிறது

மற்ற பாக்கெட் எல்லாம் போகும். இது மட்டும் போகாது. ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீண்ட பூஜ்ய வரிசையா? சோதனைக்காக ஒரே எழுத்தை நிரப்பியதா? அப்படியானால் எல்லாச் சப்கேரியரிலும் ஒரே புள்ளி உட்காரும், ஐஎஃப்எஃப்டியின் வெளியே ஒரு ஊசி கிளம்பும். 52 சப்கேரியரும் ஒன்று சேர்ந்தால் 17 டெசிபல். எந்த ஆம்ப்ளிஃபையரும் அதைத் தாங்காது.

மருந்து இலவசம்: ஸ்கிராம்ப்ளர். 802.11ஏ-இல் 127 பிட் நீள வரிசை ஒன்று தரவோடு கலக்கப்படுகிறது. அதன் தொடக்க மதிப்பு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற வேண்டும். மாறாமல் நிலையாக வைத்துவிட்டால், மோசமான உச்சி கொண்ட பாக்கெட் ஒவ்வொரு மறு அனுப்பலிலும் அதே உச்சியோடுதான் போகும். ஸ்கிராம்ப்ளர் இருந்தும் ஒரே பாக்கெட் அடம்பிடித்தால் நான் முதலில் பார்ப்பது இந்த மதிப்பைத்தான்.

தரவு சரியாக இருந்தும் எல்லா சிம்பலிலும் ஒரே இடத்தில் உச்சி வந்தால் பைலட்டுகளைப் பாருங்கள். சொந்தமாக வடிவமைத்த சட்டகங்களில் பைலட் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டுவைப்பது வழக்கம். 802.11ஏ அந்த நான்கில் ஒன்றின் குறியை மாற்றி வைத்திருப்பது சும்மா அல்ல.

## அறிகுறி: ஸ்பெக்ட்ரத்தின் இரு பக்கமும் தோள் எழும்புகிறது

தோள் என்பது சிக்னலின் அலைவரிசைக்கு வெளியே, இரு ஓரங்களிலும் எழும் கசிவு. இதுதான் அடிக்கடி வருவது. இங்கே அவசரப்பட்டு எஸ்எல்எம், பிடிஎஸ் (சப்கேரியர்களின் கட்டத்தை, அதாவது ஃபேஸை, பல வரிசைகளால் மாற்றிப் பார்த்து உச்சி குறைந்ததை அனுப்பும் முறைகள்) என்று அல்காரிதம் தேட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உச்சியை வெட்டுவது யார்? சங்கிலியில் வெட்டக்கூடியவர்கள் பலர். கணினிக் கணக்கு, டிஏசி (எண்ணை அலையாக்கும் சில்லு), பலகையின் உள் ஆம்ப்ளிஃபையர், வெளி ஆம்ப்ளிஃபையர், கடைசியாக அளக்கும் கருவியே. யார் என்று தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை.

முதலில் அனலைசர். அனலைசரின் உள் அட்டெனுவேஷனை 10 டெசிபல் கூட்டுங்கள். சிக்னலோடு ஒப்பிடும்போது தோளின் உயரம் மாறினால் குற்றவாளி அனலைசர்தான். உங்கள் சிக்னல் அதன் மிக்சரை நிறைத்துக்கொண்டிருந்தது. மாறவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து டிஜிட்டல் அளவு. மென்பொருளில் வீச்சை 3 டெசிபல் குறையுங்கள். வெட்டு எங்கோ இருக்கிறது என்றால் தோள் 3 டெசிபலைவிட அதிகமாக விழும். மூன்றாம் படி வளைவு என்றால் ஏறத்தாழ 9 டெசிபல் விழும், அதாவது சிக்னலோடு ஒப்பிட்டால் 6 டெசிபல் லாபம். தோளும் சிக்னலும் சேர்ந்தே 3 டெசிபல் இறங்கினால் அங்கே வெட்டே இல்லை. அது ஓஎஃப்டிஎம்மின் பிறவிப் பக்கமடல். சிம்பல் ஓரங்களை மெல்ல இறக்கி ஏற்றும் விண்டோயிங் போடுங்கள். பிஏபிஆர் குறைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெட்டு இருக்கிறது என்று தெரிந்தால், டிஜிட்டல் வீச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். எஸ்டிஆருக்கும் வெளி ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் 3 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடுங்கள். சிக்னலோடு ஒப்பிடும்போது தோள் விழுந்தால் வெளி ஆம்ப்ளிஃபையர். விழவில்லை என்றால் அதற்கு முன்னால் எங்கோ.

முன்னால் என்றால் மலிவான காரணம் ஸ்கேலிங். க்னூ ரேடியோ மென்பொருளின் ஐஎஃப்எஃப்டி தானாக வகுத்துக் கொடுக்காது. 52 சப்கேரியரில் ஒவ்வொன்றும் வீச்சு 1 என்றால் வெளியே வரும் சராசரி வீச்சு 7-க்கு மேல். யூஎஸ்ஆர்பி எதிர்பார்ப்பது 1-க்குள். உச்சிக்கு 12 டெசிபல் இடம் விட வேண்டுமானால் சராசரி வீச்சு 0.25, ஆக 0.035 வாக்கில் பெருக்க வேண்டும். 'பவர் போதவில்லை' என்று இந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான தோள்களின் பிறப்பிடம். பவர் வேண்டுமானால் அனலாக் கெயினில் கேளுங்கள்.

எஃப்பிஜிஏ சில்லில் நிலைப்புள்ளி ஐஎஃப்எஃப்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வடிவம் வரும். தோளாக இல்லாமல் அலைவரிசை முழுக்கத் தரைமட்டம் திடீரென்று எழும்பி அடங்கும். அது வெட்டு அல்ல, எண் வழிந்து நேர்மறை உச்சியிலிருந்து எதிர்மறைக்குச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் 2-ஆல் வகுக்கும் அட்டவணை போட்டுப் பாருங்கள், 64 புள்ளிக்கு ஆறு கட்டம். அதோடு வழிந்தால் சுற்றாமல் நிரம்பி நிற்கும்படி அமைப்பை மாற்றுங்கள். நிரம்பி நிற்பது கொஞ்சம் கெடுக்கும், சுற்றுவது எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஹேக்ஆர்எஃப் போன்ற 8 பிட் பலகையில் 12 டெசிபல் இடம் விட்டால் இரண்டு பிட் போய்விடும். தரைமட்டம் உயர்வதைத் தோள் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். இங்கே 12 பிட் பலகைக்கு மாறுவதுதான் வழி.

வெளி ஆம்ப்ளிஃபையர்தான் என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் போட்ட பவர் வரவில்லை, அதற்குள் சிக்னல் கெடுகிறது

பெட்டியில் 1 வாட் என்று போட்டிருப்பது ஒற்றை அலைக்கான எண். ஓஎஃப்டிஎம்முக்கு அந்த 1 வாட் உச்சிக்குச் சொந்தம். 10 டெசிபல் பேக்-ஆஃப் (உச்சிக்காக ஒதுக்கும் இடம்) விட்டால் சராசரியாக 100 மில்லிவாட் கிடைக்கும். இது கோளாறு இல்லை. அந்த 100-ஐயும் தொட முடியாவிட்டால்தான் கோளாறு.

மலிவான காரணம் மின் சப்ளை. பெஞ்ச் சப்ளையின் கரன்ட் வரம்பைச் சராசரியை வைத்து இறுக்கி வைத்திருப்பார்கள். பாக்கெட் வெடிக்கும்போது வோல்டேஜ் சரியும். மெல்லிய நீளமான ஒயரும் இதையே செய்யும். ஆஸிலோஸ்கோப்பை ஆம்ப்ளிஃபையரின் சப்ளைக் காலிலேயே வைத்துப் பாருங்கள், சப்ளையின் திரையைப் பார்த்தால் தெரியாது. சரிவு தெரிந்தால் வரம்பை உயர்த்துங்கள், ஒயரைத் தடிமனாகவும் குட்டையாகவும் மாற்றுங்கள், காலுக்கு அருகில் ஒரு பெரிய கெபாசிட்டர் வையுங்கள். அல்காரிதம் தேடி அலைந்த பலரின் தோள் இந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

சப்ளை சரி என்றால் ஒற்றை அலை வைத்து ஒரு டெசிபல் அழுத்தப் புள்ளியை (பெருக்கம் 1 டெசிபல் குறையும் இடத்தை) நீங்களே அளந்துவிடுங்கள். உள்ளே 1 டெசிபல் ஏற்றும்போது வெளியே எவ்வளவு ஏறுகிறது என்று எழுதிக்கொண்டே போனால் போதும். பெட்டியில் போட்ட எண்ணைவிட 2, 3 டெசிபல் குறைவாக வந்தால் சூடு, பொருந்தாத லோடு, பழைய டிரான்சிஸ்டர் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

சூட்டைப் பற்றி ஒன்று. இலட்சிய வகுப்பு பி ஆம்ப்ளிஃபையர் முழு வீச்சில் 78.5 சதவீதத் திறமை தரும். 10 டெசிபல் பேக்-ஆஃபில் அது 25 சதவீதத்துக்கு விழும். உச்சியை 3 டெசிபல் குறைத்துப் பேக்-ஆஃபை 7 ஆக்கினால் 35 சதவீதம். உச்சி குறைப்பின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது, சிசிடிஎஃப் வளைவில் அல்ல. இதற்கு மேலும் திறமை வேண்டுமென்றால் டோஹர்ட்டி ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டிவரும். 1936-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தச் சுற்றுதான் இன்றும் பேஸ் ஸ்டேஷன்களில் பரவலாக ஓடுகிறது.

## அறிகுறி: கிளிப்பிங் போட்டாயிற்று, உச்சி திரும்ப முளைக்கிறது

கிளிப்பிங் என்றால் வரம்புக்கு மேலே உள்ள உச்சியை மென்பொருளிலேயே வெட்டுவது. கிளிப் செய்த உடனே அளந்தால் 6 டெசிபல். ஃபில்டருக்குப் பிறகு 8. டிஏசிக்குப் பிறகு இன்னும் கொஞ்சம். வெட்டியதால் வெளியே சிதறியதை ஃபில்டர் துடைக்கும்போது வெட்டிய இடம் மறுபடி நிமிர்கிறது.

64 சாம்பிளிலேயே கிளிப் செய்கிறீர்களா? அதை முதலில் நிறுத்துங்கள். 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் செய்த பிறகு கிளிப், பிறகு எஃப்எஃப்டி எடுத்து வெளிச் சப்கேரியர்களைப் பூஜ்யமாக்கி ஐஎஃப்எஃப்டி. இதையே மூன்று, நான்கு சுற்று செய்தால் முளைப்பது அடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் லாபம் குறைந்துகொண்டே வரும். அதற்கு மேல் சுற்றுவது வீண்.

எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கேட்பார்கள். சிக்னலைக் காஸ் பரவலாக எடுத்துக்கொண்டு, ஃபில்டர் இல்லாத ஒரே கிளிப்புக்குக் கணக்குப் போட்டால்: சராசரிக்கு 8 டெசிபல் மேலே வெட்டினால் இவிஎம் (புள்ளிகள் சரியான இடத்திலிருந்து விலகும் அளவு) சுமார் 1 சதவீதம், 7-இல் 2.3, 6-இல் 4.2, 5-இல் 7. ஒவ்வொரு டெசிபலுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். 802.11ஏ-இன் உச்ச வேகத்தில் 64-க்யூஏஎம்முக்கு (ஒவ்வொரு சப்கேரியரிலும் 64 புள்ளிகளில் ஒன்றை அனுப்பும் முறை) அனுமதி மைனஸ் 25 டெசிபல், அதாவது 5.6 சதவீதம். 6 டெசிபலில் வெட்டினால் மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3.7 சதவீதம்தான் இருக்கும், ஏனென்றால் இவை வர்க்கமாகக் கூடும். எல்டிஇ பேஸ் ஸ்டேஷனில் 64-க்யூஏஎம்முக்கு 8 சதவீதம், 256-க்யூஏஎம்முக்கு 3.5. ஆக 256-க்யூஏஎம் ஓட்டிக்கொண்டு 6 டெசிபலில் வெட்டுவது நடக்காத காரியம்.

இவிஎம் வரம்புக்குள் இருந்தும் தோற்றால், சப்கேரியர் வாரியாக இவிஎம் வரையுங்கள். ஓரங்கள் மட்டும் மோசம் என்றால் ஃபில்டர் உங்கள் சிக்னலையே கடிக்கிறது.

## அறிகுறி: எஸ்எல்எம் அல்லது பிடிஎஸ் போட்டதும் உச்சி குறைகிறது, ஆனால் ரிசீவரில் குப்பை வருகிறது

முதல் சோதனை: டிரான்ஸ்மிட்டரை எப்போதும் முதல் கட்ட வரிசையையே தேர்ந்தெடுக்கும்படி கட்டாயப்படுத்துங்கள். ரிசீவர் வேலை செய்தால் மற்றதெல்லாம் சரி, எந்த வரிசை என்ற தகவல்தான் போய்ச் சேரவில்லை. நான்கு வரிசைக்கு 2 பிட் போதும். ஆனால் அந்த 2 பிட் தவறினால் சிம்பல் முழுதும் போகும், ஆகவே தரவைவிட வலுவான குறியீட்டில் அனுப்புங்கள்.

முதல் வரிசையிலும் குப்பை என்றால் பைலட்டையும் சேர்த்துச் சுழற்றிவிட்டீர்களா பாருங்கள். ரிசீவர் பைலட்டின் கட்டத்தைச் சேனல் என்று நம்பித் திருத்தும். அடுத்து, இரு பக்கமும் வரிசைகளை உருவாக்கும் விதை ஒன்றுதானா என்று பாருங்கள்.

வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் எல்லை உண்டு. 64 சப்கேரியருக்கு, ஓவர்சாம்ப்ளிங் இல்லாத கணக்கில், ஆயிரத்தில் ஒன்று என்ற இடத்தில் 10.4 டெசிபல் இருந்தது நான்கு வரிசையில் 7.6 ஆகும், பதினாறில் 6.2. அதற்கு ஒரு சிம்பலுக்குப் பதினாறு ஐஎஃப்எஃப்டி. என் கருத்து: தீசிஸுக்கு எஸ்எல்எம் அழகு, ஆனால் சந்தையில் உள்ள ரிசீவர் ஒன்றுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அது உதவாது. அந்த ரிசீவருக்கு உங்கள் வரிசை தெரியாது.

## அறிகுறி: டோன் ரிசர்வேஷன் போட்டும் அரை டெசிபல்கூட இறங்கவில்லை

டோன் ரிசர்வேஷன் என்றால் சில சப்கேரியர்களை (டோன்களை) தரவுக்குக் கொடுக்காமல், உச்சியை அடக்க மட்டும் ஒதுக்குவது. அப்படி ஒதுக்கிய டோன்கள் எங்கே இருக்கின்றன? பக்கத்துப் பக்கத்தில் அல்லது சம இடைவெளியில் வைத்திருந்தால், ஓர் உச்சியைக் குறைக்கும்போது இன்னோர் இடத்தில் உச்சி எழும். சிதறலாக வையுங்கள். எண்ணிக்கையும் வேண்டும்: டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் டிவி தரநிலை 8கே முறையில் 72 டோன்களை, ஏறத்தாழ 1 சதவீதத்தை, இதற்கு ஒதுக்குகிறது. 52 சப்கேரியர் சிக்னலில் 1 சதவீதம் என்றால் ஒன்றுகூட முழுசாக வராது. ஓரத்தில் காலியாக உள்ள காவல் டோன்களைப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். அது பக்கத்துச் சேனலில் குப்பை கொட்டுவதுதான். சின்ன ஐஎஃப்எஃப்டிக்கு இந்த முறையை விட்டுவிட்டுக் கிளிப்பிங்குக்குப் போங்கள்.

## அறிகுறி: ரிசீவர் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிறது, தரவு மட்டும் பிழை, அதுவும் அருகில் இருக்கும்போது

ரிசீவரின் வாயில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள். சிக்னல் குறைந்தபோது பிழையும் குறைந்தால் டிரான்ஸ்மிட்டரைத் தொட வேண்டாம். பாக்கெட்டின் தொடக்கத்தில் வரும் முன்னுரைப் பகுதி உச்சி குறைவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஏஜிசி (கெயினைத் தானாகச் சரிசெய்யும் சுற்று) அதைப் பார்த்துக் கெயினை வைத்துக்கொள்கிறது. தரவின் உச்சி வரும்போது ஏடிசி (அலையை எண்ணாக்கும் சில்லு) நிரம்பிவிடுகிறது. ஏஜிசியின் இலக்கை முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே வையுங்கள்.

## அறிகுறி: டிபிடி போட்டதும் நிலைமை மோசமாகிறது

டிபிடி, அதாவது டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன், ஆம்ப்ளிஃபையர் அழுத்தும் உச்சியை முன்கூட்டியே பெரிதாக்கி அனுப்பும். உச்சியைக் குறைக்காமல் அதைப் போட்டால் ஏற்கெனவே நிரம்பிய ஆம்ப்ளிஃபையரை இன்னும் தள்ளும், அடுத்த சுற்றில் இன்னும் அதிகம். வரிசை எப்போதும் இதுதான்: உச்சிக் குறைப்பு முதலில், டிபிடி பிறகு. வீச்சுக்கு ஒரு மேல்வரம்பும் போட்டுவையுங்கள். திரும்பிவரும் மாதிரியைப் படிக்கும் ரிசீவர் நிரம்பவில்லை என்பதையும், அதன் அலையகலம் சிக்னலைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தோளையே பார்க்க முடியாத ரிசீவரை வைத்துத் தோளைச் சரிசெய்ய முடியாது.

இதற்குப் பிறகும் தோள் அசையவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரின் பயாஸ் அல்லது பொருத்தத்தைத் தொட வேண்டிய நிலை. இங்கே நிறுத்திக்கொண்டு ஆர்எஃப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். முக்கியமாகக் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் என்றால்: கேட்டுக்கு எதிர்மறை வோல்டேஜ் வந்த பிறகுதான் டிரெயினுக்கு மின்சாரம் தர வேண்டும், அணைக்கும்போது தலைகீழ் வரிசை. அதைக் கவனித்துக்கொள்ளும் சுற்று பலகையில் இல்லை என்றால் திருகாணியில் கை வைக்க வேண்டாம். கூப்பிடும்போது மூன்றைத் தயாராக வைத்திருங்கள்: ஒற்றை அலையில் நீங்கள் எழுதிய உள்-வெளி அட்டவணை, சப்ளைக் காலின் ஆஸிலோஸ்கோப் படம், தோள் அறிகுறியில் சொன்ன மூன்று சோதனைகளிலும் தோள் எவ்வளவு நகர்ந்தது என்ற எண்கள்.